தொட்டி காலி, போனில் 100 சதவீதம்: ஸ்மார்ட் குப்பைத் தொட்டி மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

தாராவியில் எங்கள் கட்டடத்தின் கீழே, படிக்கட்டை ஒட்டி நான்கு நீல ட்ரம்கள் நிற்கின்றன. இரண்டு ஓலா கச்ரா, இரண்டு சுகா கச்ரா, அதாவது ஈரக் குப்பைக்கு இரண்டு, உலர்ந்ததற்கு இரண்டு. பழைய பொருள்களைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் 13 காம்பவுண்டில் பழைய ட்ரம்களாகப் பார்த்து வாங்கிக் கழுவி வைத்தவை. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் ஒரு சென்சார், பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நோட்எம்சியு என்ற வைஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, ட்ரம் நிறைந்தால் போனுக்குச் செய்தி. இதை வைத்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. ஒயரை இங்கே மாட்டு, புரோகிராமை ஏற்று, முடிந்தது என்று செய்முறை எழுதியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதோடு முடிவதில்லை. மாட்டிய இரண்டாம் வாரத்திலிருந்து வருகிற கோளாறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் தொட்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில்: சதவீதத்தை விடுங்கள், செ.மீ.யைப் பாருங்கள்

பெரும்பாலான புரோகிராம்கள் சென்சார் சொன்ன தூரத்தை உடனே சதவீதமாக மாற்றி, அதை மட்டும் மேலே அனுப்புகின்றன. 100 என்று வந்தால் தொட்டி நிறைந்ததா, சென்சார் செத்ததா, ஒயர் கழன்றதா, எதுவும் தெரியாது. மூன்றுக்கும் அதே 100தான். அதனால் நான்கு எண்களை அனுப்புங்கள்: சென்சார் சொன்ன தூரம் செ.மீ.யில் அப்படியே, எத்தனை முறை எதிரொலி வராமல் போனது, வைஃபை சிக்னல் எவ்வளவு, பேட்டரியில் ஓடுகிறது என்றால் அதன் வோல்ட். சதவீதத்தைப் போனில் காட்டும்போது கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் வருஷம் நான் இதைச் செய்யாததால், ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி மூடியைத் திறந்து பார்த்துத்தான் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டேன். இந்த நான்கு எண்களைச் சேர்த்த பிறகு பாதிக் கோளாறுகளை மேலே வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடிக்க முடிந்தது.

அப்புறம் அட்டைச் சோதனை. தட்டையான அட்டை ஒன்றை சென்சாருக்கு நேர் கீழே 20, 40, 60 செ.மீ.யில் பிடித்து, ஸ்கேலால் அளந்து, வருகிற எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றிரண்டு செ.மீ.க்குள் பொருந்தினால் சென்சார், ஒயர், கணக்கு எல்லாம் நலம், கோளாறு ட்ரம்முக்குள்ளோ நெட்டிலோ இருக்கிறது. பொருந்தவில்லை என்றால் நெட்டைத் தொடவே வேண்டாம்.

வெயில் அதிகம், அதனால் அளவு தப்புகிறது என்று சிலர் சொல்வார்கள். ஒலி 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் போகும், 35 டிகிரியில் சுமார் 352. எங்கள் ட்ரம்மின் ஆழம் 68 செ.மீ., அதில் இந்த வித்தியாசம் இரண்டு செ.மீ.கூட வராது. இருபது செ.மீ. தப்பினால் காரணம் வேறு.

தொட்டி காலி, ஆனால் 100 சதவீதம் என்கிறது

இதுதான் அடிக்கடி வருவது. எச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசானிக் (காதுக்கு எட்டாத ஒலியால் அளக்கும்) சென்சாரில் டிரிகர் பின்னுக்கு 10 மைக்ரோ நொடித் துடிப்பு கொடுத்தால் அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும், எதிரொலி திரும்பி வர எத்தனை மைக்ரோ நொடி ஆனதோ அவ்வளவு நேரம் எக்கோ பின்னை உயர்த்தி வைக்கும். 58 மைக்ரோ நொடிக்கு ஒரு செ.மீ. என்று நாம் வகுத்துக்கொள்கிறோம். எதிரொலி வரவே இல்லை என்றால்? புரோகிராமில் அந்த நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை காத்திருந்துவிட்டு 0 என்று சொல்லும். தூரம் 0 என்றால் குப்பை மூடியை முட்டிவிட்டது என்று உங்கள் கணக்கு எடுத்துக்கொள்ளும், 100 சதவீதம் என்று எழுதும். அந்த 0-க்குப் பொருள் நிறைந்துவிட்டது என்பதல்ல, பதில் இல்லை என்பது. இரண்டு செ.மீ.க்குக் கீழே இந்தச் சென்சாரால் அளக்கவே முடியாது, ஆகவே 2-க்குக் கீழே வரும் எதையும், தொட்டியின் ஆழத்தைத் தாண்டி வரும் எதையும் அளவாக எடுக்காமல் பிழை என்று தனியாக எண்ணுங்கள். பல்ஸ்இன்னுக்கு 30,000 மைக்ரோ நொடி என்று காத்திருப்பு எல்லையும் கொடுங்கள், இல்லாவிட்டால் அது ஒரு நொடி வரை நின்றுவிடும்.

இதைச் செய்த பிறகும் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் மின்சாரத்தைப் பாருங்கள். எச்சி-எஸ்ஆர்04-க்கு 5 வோல்ட் வேண்டும். போர்டின் 3.3 வோல்ட் பின்னில் கொடுத்துவிட்டு மேசையில் வேலை செய்ததே என்று ட்ரம்மில் மாட்டினால் இப்படித்தான் ஆகும். பக்கத்தில் இருக்கும் கையை அது பார்க்கும், 60 செ.மீ. கீழே இருக்கும் குப்பையைப் பார்க்காது. சென்சாருக்கு மின்சாரம் ஏறும் விசிசி பின்னிலேயே மல்டிமீட்டர் வைத்து 4.5-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான மெல்லிய ஒயரில் வோல்ட் விழுந்திருக்கும்.

5 வோல்ட்டில் ஓடும் சென்சார் எக்கோ பின்னிலும் 5 வோல்ட்டைத்தான் தரும், நோட்எம்சியு போர்டில் இருக்கும் ஈஎஸ்பி8266 சிப் 3.3 வோல்ட் சிப். நடுவில் 1 கிலோஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம், இந்த இரண்டையும் கட்டாயம் போடுங்கள். போடாமலே மாதக்கணக்கில் ஓடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு ரூபாய்க்கு ரெசிஸ்டர் கிடைக்கும்போது எதற்கு அந்தப் பந்தயம்?

இன்னொன்று, சில மலிவுச் சென்சார்களில் எதிரொலி ஒருமுறை தவறினால் எக்கோ பின் உயர்ந்தபடியே மாட்டிக்கொள்ளும், மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் இறங்கும். காலையில் சரி, மதியத்துக்கு மேல் பிழை, பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் மறுபடி சரி என்று இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். எங்கள் நான்கில் ஒன்று அப்படி இருந்தது, வேறு சென்சார் மாற்றினேன்.

எப்போது பார்த்தாலும் ஒரே எண்

குப்பை ஏறினாலும் இறங்கினாலும் 31 செ.மீ., 31 செ.மீ. என்றே வந்தால் சென்சார் குப்பையைப் பார்க்கவில்லை, வேறு எதையோ பார்க்கிறது. ட்ரம்மின் உள்சுவரில் வளையம் வளையமாகப் புடைப்பு இருக்கும் இல்லையா, அதுதான் முதல் எதிரி. இந்தச் சென்சாரின் பார்வைக் கூம்பு 15 டிகிரி என்று தாளில் போட்டிருக்கும், 68 செ.மீ. கீழே அது ஒன்பது செ.மீ. ஆரமுள்ள வட்டம். கூம்புக்கு வெளியே ஒலி போகாது என்று இதற்குப் பொருள் இல்லை, பக்கவாட்டில் இருக்கும் கெட்டியான புடைப்பு நன்றாகவே எதிரொலிக்கும். மூடியின் நடு மையத்தில், தரைக்கு நேர் செங்குத்தாக மாட்டுங்கள். மூடி குவிந்திருந்தால் சென்சாரும் சாய்ந்து நிற்கும், அடியில் ஒரு தட்டைத் துண்டு ஒட்டி நேராக்குங்கள்.

இரண்டாவது எதிரி உள்ளே போடும் பை. பையின் வாய் தளர்ந்து உள்பக்கமாகச் சரிந்து நின்றால் அதுவே குப்பையின் மேல்பரப்பாகத் தெரியும். பையை ட்ரம்மின் விளிம்பைச் சுற்றி வெளியே மடித்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ரப்பர் வளையமாகப் போட்டு இறுக்குகிறோம், அதோடு இந்தத் தொல்லை நின்றது.

மூன்றாவது, சென்சாரை மூடியில் துளையிட்டு மாட்டும்போது இரண்டு கண்களும் துளையின் விளிம்புக்குள் புதைந்திருந்தால் தன் ஒலியையே தான் கேட்டுக்கொண்டிருக்கும், எண் மூன்று, நான்கு செ.மீ. என்று வரும். கண்கள் விளிம்பைத் தாண்டி ஒரு நூலாவது வெளியே நிற்க வேண்டும்.

எண் அங்கும் இங்கும் தாவுகிறது

உலர் குப்பை ட்ரம்களில் இது அதிகம். எங்கள் கட்டடத்தில் தையல் வேலை செய்கிற வீடுகள் உண்டு, மூட்டை மூட்டையாகத் துணி வெட்டுகள் விழும். துணி, பஞ்சு, ஸ்பாஞ்ச் எல்லாம் ஒலியை விழுங்கும். சாய்ந்து கிடக்கும் அட்டைப்பெட்டி ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். ஒரு அளவில் 22, அடுத்ததில் 64, அடுத்ததில் எதுவுமில்லை.

ஏழு முறை அளந்து சராசரி போடாதீர்கள். சராசரி போட்டால் ஒரு தப்பான எண் மற்ற ஆறையும் கெடுக்கும். ஏழையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் நடுவில் 60 மில்லி நொடியாவது விடுங்கள், அவசரப்பட்டால் முந்தைய ஒலியின் எதிரொலியையே அடுத்ததாக எடுத்துக்கொள்ளும். மூடி திறந்திருக்கும்போது, யாரோ கைவிட்டுப் போடும்போது எடுத்த அளவும் இதில் கலக்கும். பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று அளவுகள் ஒன்றுபோல வந்தால்தான் நிறைந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். குப்பைத் தொட்டி விஷயத்தில் அரை மணி தாமதம் யாருக்கும் நஷ்டமில்லை.

துணிக் குப்பை அதிகம் என்றால் அல்ட்ராசானிக்கை விட்டுவிட்டு விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சார் போடுங்கள். அது ஒளியால் அளக்கிறது, துணி அதற்குப் பிரச்சினை இல்லை, கறுப்புப் பொருள்தான் பிரச்சினை, கறுப்புப் பை வாய் பிளந்து கிடந்தால் எண் மங்கும். அளவு சரியாக வராவிட்டால் முதலில் அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள், பல பேர் உரிப்பதில்லை. வாரம் ஒருமுறை கண்ணைத் துடைக்கவும் வேண்டும்.

இரவு 80 சதவீதம் இருந்தது, காலையில் 66 என்று இறங்கியிருந்தால் அது கோளாறே இல்லை. ஈரக் குப்பை தானாக அமுங்கும். உலர் குப்பையில் யாராவது பாட்டில்களைப் பொறுக்கி எடுத்துப் போயிருப்பார்கள், 13 காம்பவுண்டில் அதற்கு விலை உண்டு. அளவு குறைந்தாலே தொட்டி காலி செய்யப்பட்டது என்று எழுதும் புரோகிராம்தான் தப்பு.

மழைக்காலம் வந்ததும் செத்துப்போகிறது

ஜூன் வரை ஒழுங்காக ஓடிய தொட்டி ஜூலையில் பிழை கொடுக்கத் தொடங்கினால் சென்சாரைக் கழற்றி அதன் வலைக் கண்ணை வெளிச்சத்தில் பாருங்கள். ஈரக் குப்பை புளித்துச் சூடாகும், ஆவி மேலே வரும், மூடியில் பட்டுக் குளிர்ந்து துளியாக நிற்கும். எச்சி-எஸ்ஆர்04-இன் வலை திறந்தது. முதலில் துளி மறைக்கும், அப்புறம் பின்களில் பச்சை பிடிக்கும். மும்பை மழைக்காலக் காற்றின் ஈரத்துக்கு வெளியே வைத்தாலே தாங்காத பொருளை நாம் புளிச்ச சாம்பார்ச் சட்டிக்கு மேலே தொங்க விடுகிறோம்.

ஈரக் குப்பைக்கு ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகாச் சென்சாரைத்தான் போட வேண்டும், கார்களின் பின்பக்கத்தில் இருக்கிற அதே வட்டக் கண். அதில் கண் மட்டுமே நீர் புகாதது, அதோடு வரும் சின்னப் போர்டு இல்லை, அதைச் சுவர்ப் பெட்டிக்குள் வையுங்கள். டிரிகர் துடிப்பை 20 மைக்ரோ நொடியாக்கினால் நிதானமாக வேலை செய்கிறது. இதற்கு ஒரு பெரிய குறை உண்டு, வாங்கும்போது யாரும் சொல்வதில்லை: 20 முதல் 25 செ.மீ.க்கு உள்ளே எது இருந்தாலும் இதற்குத் தெரியாது. 68 செ.மீ. ட்ரம்மில் மேல் மூன்றில் ஒரு பங்கு குருடு. ட்ரம் நிரம்ப நிரம்பச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டு, கடைசியில் திடீரென்று தாறுமாறான எண் காட்டினால் இதுதான் காரணம். ஒரு பிளாஸ்டிக் டப்பை மூடிமேல் கவிழ்த்துப் பொருத்தி, கண்ணை அதன் உச்சியில் 16 செ.மீ. உயரத்தில் மாட்டினேன். 27 செ.மீ. வந்தாலே நிறைந்தது என்று வைத்தேன். ட்யூப் மாதிரி ஒடுக்கமான குழாய்க்குள் வைக்காதீர்கள், குழாயின் சுவரே எதிரொலிக்கும்.

பெட்டியை மார்பளவுக்கு மேல் மாட்டுங்கள். எங்கள் சந்தில் கனமழைக்கு முட்டியளவு தண்ணீர் நிற்கும். ஒயர் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி ஏறட்டும், துளி அங்கேயே சொட்டிவிடும். 230 வோல்ட் அடாப்டரை ட்ரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, உள்ளே பிளக்கில் இருக்கட்டும், வெளியே 5 வோல்ட் மட்டும் வரட்டும். தண்ணீரோடு விளையாட்டு வேண்டாம்.

திடீரென்று ஒருநாள் ஒன்றுமே வராவிட்டால் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். எலி. மின்கம்பி இழுக்கும் பிவிசி குழாய்க்குள் விட்ட பிறகுதான் எனக்கு அது ஓய்ந்தது.

வைஃபை இணையும் நேரத்தில் போர்டு ரீசெட் ஆகிறது

ஈஎஸ்பி8266 சும்மா இருக்கும்போது குறைவாகத்தான் குடிக்கும், வைஃபையில் அனுப்பும் கணத்தில் 300 மில்லி ஆம்பியர் வரை எட்டிப் பிடிக்கும். பழைய சார்ஜர், மெல்லிய யுஎஸ்பி ஒயர், தளர்ந்த பிரெட்போர்டு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்தக் கணத்தில் வோல்ட் விழுந்து போர்டு முதலிலிருந்து தொடங்கும். போர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, அது அனுப்பும் எழுத்தைக் காட்டும் சீரியல் மானிட்டரை 74880 வேகத்தில் வைத்துத் தொடக்கச் செய்தியைப் படியுங்கள், ரீசெட் காரணத்துக்கு ஒரு எண் வரும். 4 என்றால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர், புரோகிராம் எங்கோ நெடுநேரம் மாட்டிக்கொண்டது, புரோகிராமின் லூப்களுக்குள் சின்ன டிலே அல்லது யீல்டு போடுங்கள். 1 என்றால் மின்சாரம் போய் வந்திருக்கிறது. நல்ல 2 ஆம்பியர் சார்ஜர், குட்டையான தடித்த ஒயர், போர்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் போர்டுகளில் ரீசெட் நின்றது. பிரெட்போர்டை மேசையோடு விட்டுவிட்டு டாட் போர்டில் சால்டர் செய்யுங்கள்.

கையால் ரீசெட் அழுத்தினால் ஓடுகிறது, கரண்ட் போய் வந்தால் மட்டும் எழவில்லை என்றால் பின் தேர்வு தப்பு. தொடங்கும் நேரத்தில் போர்டின் டி3, டி4 பின்கள் இரண்டும் உயர்ந்தும் டி8 தாழ்ந்தும் இருந்தாக வேண்டும். எக்கோவை டி8-இலோ டி3-இலோ மாட்டியிருந்தால் மாற்றுங்கள். டி1, டி2, டி5, டி6, டி7 பயமில்லாதவை.

புரோகிராம் ஏறவில்லை

பத்தில் எட்டு தடவை ஒயர்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயரில் டேட்டா கம்பியே இருக்காது. வேறு ஒயர் மாற்றியும் போர்ட் தெரியாவிட்டால் போர்டின் யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 அல்லது சிபி2102 டிரைவர், போர்டின் முதுகில் எது என்று பார்த்து ஏற்றுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த டி0-வையும் ரீசெட்டையும் இணைத்திருந்தால் ஏற்றும்போது அந்த ஜம்பரைக் கழற்றுங்கள்.

வைஃபையே தெரியவில்லை, தெரிந்தாலும் நிற்கவில்லை

இந்த சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். புதிய ரவுட்டர்கள் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் கொடுக்கும்போது குழப்பம் வரும், இரண்டையும் தனிப் பெயராகப் பிரியுங்கள். சிக்னல் எண் மைனஸ் 67-க்குள் இருந்தால் நிம்மதி, மைனஸ் 80-ஐத் தாண்டினால் ஒருநாள் வரும் ஒருநாள் வராது. போர்டை ட்ரம்முக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், ஈரக் குப்பை ரேடியோ அலையை நன்றாக உறிஞ்சும், தகர மூடியென்றால் கேட்கவே வேண்டாம். போர்டின் வளைந்து வளைந்து போகும் ஆன்டெனா பக்கம் பெட்டிக்குள் மேலே பார்க்கட்டும், அதன்மேல் ஒயர் சுற்றிக் கிடக்க வேண்டாம்.

தெருமுனைத் தொட்டிக்கு வைஃபை இல்லை என்று சிம்800எல் என்ற சிம் கார்டு மாட்யூல் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது 2ஜி மட்டும், ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டு இரவெல்லாம் காத்திருந்தாலும் நெட்வொர்க் வராது. அதோடு அது கணநேரம் 2 ஆம்பியர் கேட்கும், போர்டிலிருந்து கொடுக்க முடியாது. நாலைந்து தெருத் தொட்டிகள் இருந்தால் குறைந்த மின்சாரத்தில் தூரமாக அனுப்பும் லோரா ரேடியோவை யோசியுங்கள், இந்தியாவில் உரிமம் இல்லாமல் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தலாம், மாட்யூல் வாங்கும்போது அந்த அலைவரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

நெட் இருக்கிறது, ஆனால் பதிவு விட்டு விட்டு வருகிறது

அளவுகளைச் சேமித்துக் காட்டும் திங்ஸ்பீக் தளத்தின் இலவசக் கணக்கில் ஒரு சேனலுக்கு 15 நொடிக்கு ஒரு பதிவுதான். நான் நான்கு ட்ரம்களையும் ஒரே சேனலில் விட்டிருந்தேன். நாள் முழுக்க ஒழுங்காக ஓடும், கரண்ட் போய் வந்தால் மட்டும் மூன்று ட்ரம்கள் காணாமல் போகும். காரணம் எளிது: நான்கும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் அனுப்ப, ஒன்று மட்டும் பதிவாகும், மற்றவற்றுக்குத் தோல்வி. பதிலாக 0 வந்தாலோ, அவர்கள் லைப்ரரியில் மைனஸ் 401 வந்தாலோ பெரும்பாலும் இதுதான். ட்ரம்முக்கு ஒரு சேனல் பிரியுங்கள்.

எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறையைப் போட்டவர்களுக்கும் இதேபோல ஒன்று உண்டு. நான்கு போர்டிலும் ஒரே புரோகிராமை அப்படியே ஏற்றினால் நான்குக்கும் ஒரே கிளையன்ட் பெயர். ஒன்று உள்ளே வந்தால் மற்றது வெளியே தள்ளப்படும், வந்து வந்து போய்க்கொண்டே இருக்கும். சிப்பின் எண்ணைப் பெயரோடு சேர்த்துவிடுங்கள்.

நேரம் ஐந்தரை மணி பிந்திக் காட்டினால் இந்திய நேரத்துக்கான 19,800 நொடியைக் கூட்டவில்லை, அவ்வளவுதான். டெலிகிராமில் செய்தி போகாவிட்டால், செய்தி பெற வேண்டிய ஆள் உங்கள் பாட் (செய்தி அனுப்பும் தானியங்கிக் கணக்கு) பக்கத்துக்குப் போய் ஒருமுறை ஸ்டார்ட் அழுத்தினாரா என்று கேளுங்கள், அழுத்தாத ஆளுக்குப் பாட் தானாகப் பேச முடியாது. குழுவுக்கு நேற்று வரை போய் இன்று நின்றதென்றால் குழு சூப்பர்குரூப் ஆகி அதன் எண் மாறியிருக்கும், மைனஸ் 100 என்று தொடங்கும் புது எண்ணை எடுத்துப் போடுங்கள். ஒரே ட்ரம்முக்கு நாற்பது செய்தி வருகிறதா? 85-ஐத் தாண்டினால் ஒரு செய்தி, பிறகு 40-க்குக் கீழே இறங்கும் வரை மௌனம் என்று வையுங்கள்.

பேட்டரி இரண்டு நாள்கூட வரவில்லை

2600 மில்லி ஆம்பியர் மணி உள்ள ஒரு 18650 செல்லில் போர்டு எப்போதும் விழித்திருந்தால், சுமார் 80 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் 32 மணி நேரம்தான். அதனால் டீப் ஸ்லீப் போடுகிறோம், அதாவது அளவுகளுக்கு நடுவே சிப்பைத் தூங்கவிடுகிறோம், அதை எழுப்ப டி0-வை ரீசெட்டோடு இணைக்கிறோம். இணைக்காவிட்டால் தூங்கியது எழாது. கால் மணிக்கு ஒருமுறை எட்டு நொடி விழித்தால் ஒரு நாளுக்கு 17 மில்லி ஆம்பியர் மணி போதும், மாதக்கணக்கில் வர வேண்டும். வராது. நோட்எம்சியு போர்டில் சிப் தூங்கினாலும் யுஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும் தூங்குவதில்லை, சென்சாரும் சும்மா இருக்கும்போதே இரண்டு மில்லி ஆம்பியர் குடிக்கும். மொத்தம் 5 மில்லி ஆம்பியர் என்றாலே ஒரு நாளுக்கு 120 போய்விடும், விழித்திருக்கும் செலவைப் போல ஏழு மடங்கு. ஆகவே அனுப்பும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துத் தூங்கும்போது எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள், சென்சாரின் மின்சாரத்தை ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வழியாகக் கொடுத்து விழிக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள்.

பவர் பேங்க் வைத்தால் அது குறைந்த மின்சாரம் போவதைப் பார்த்து யாரும் இல்லை என்று தானே அணைந்துவிடும். செல்லின் வோல்ட்டை அறிய ஏ0 பின்னுக்கு முன்னால் 100 கிலோஓம் ஒன்று தொடரில் போட்டால் நோட்எம்சியுவில் 4.2 வோல்ட் முழு அளவாக வரும்.

மூடி தானாகத் திறப்பதில் தொல்லை

கையைக் காட்டினால் மூடி திறக்கிற சர்வோ மோட்டாரைப் பற்றி என் கருத்து: வேண்டாம். எஸ்ஜி90 சின்ன மோட்டார், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், குழந்தைகள் ஒரு தடவை மூடியைக் கையால் அழுத்தினால் பல் போய்விடும். காலால் மிதிக்கும் பெடல் மூடிக்கு மின்சாரமே வேண்டாம். வைத்தே தீர வேண்டும் என்றால் சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் போர்டோடு சேருங்கள், அசைவு முடிந்ததும் டிடாச் கட்டளையால் அதற்குப் போகும் சிக்னலை நிறுத்துங்கள், நடுக்கம் நிற்கும்.

செய்தி போகிறது, தொட்டி நிறைந்தபடியே இருக்கிறது

சென்சார் சரி, நெட் சரி, போனில் செய்தி சரி, ஆனால் காலையில் பார்த்தால் ட்ரம் வழிகிறது. இதையும் நான் கோளாறாகத்தான் எழுதுவேன், எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான்.

செய்தி எங்கள் சொசைட்டி குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ட்ரம்மை எடுப்பவர் குழுவில் இல்லை. எடுக்கும் அக்கா திருநெல்வேலிப் பக்கம், சின்ன பட்டன் போன் வைத்திருக்கிறார். கேட்டபோது, "தம்பி, போன்ல வர்றது உங்களுக்கு. நான் ஒவ்வொண்ணா மூடியைத் தொறந்துதான் பாக்கேன். ட்ரம்மு மேலயே தெரியிற மாதிரி ஏதாச்சும் வையுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். ஈரக் குப்பை முக்கால் ட்ரம் ஆனாலே ஒரு ஆளால் நகர்த்த முடியாது, உலர்ந்தது வழிந்தாலும் ஒரு கையில் தூக்கலாம். நாங்கள் இரண்டுக்கும் 85 என்று வைத்திருந்தோம். எங்கள் சென்சார் உயரத்தை மட்டும் பார்க்கிறது, எடையை அவர் இடுப்புதான் அறியும். அன்றே ஈரக் குப்பைக்கு 55 என்று மாற்றினேன். செய்தி நேரத்தையும் மாற்றினேன். வண்டி காலையில் வரும், இரவு பதினொரு மணிக்குச் செய்தி வந்து யாருக்கு என்ன பயன், காலை ஆறு மணிக்கு ஒரே பட்டியலாகப் போகட்டும்.

அக்கா கேட்டபடி ட்ரம் பக்கத்திலேயே தெரிய ஒரு லைட் வைக்கப் போனேன், அதில் ஒரு சிக்கல் வந்தது. டீப் ஸ்லீப்பில் இந்தச் சிப்பின் பின்கள் நிலையைப் பிடித்து வைக்காது, தூங்கியதும் எல்இடி அணைந்துவிடும். அதனால் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு பெரிய அழுத்து பட்டனை, கையுறையோடு அழுத்தும் அளவுக்குப் பெரியதாக, பெட்டியின் முகத்தில் வைத்தேன். அழுத்தினால் போர்டு எழுந்து, வைஃபையைத் தேடும் முன்பே அளந்துவிட்டு, டி5-இல் சிவப்பு, டி6-இல் பச்சை, ஒவ்வொன்றுக்கும் 220 ஓம், ஏதோ ஒன்றை ஐந்து நொடி எரியவிடும். அளவு கிடைக்காவிட்டால் இரண்டும் மாறி மாறி மின்னும், அப்போது மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.